அசையாத பள்ளிக்கூடம்

எங்கள் லௌட்டர்வால்ட் கோமகன் நாட்டில் அரசாங்கத் துறைகள் மூன்று. அவற்றை நடத்த ஆலோசகர் ஒருவர். நாடு அவ்வளவு சிறியது. காலையில் ஒரு பசுவை ஓட்டிக்கொண்டு கிளம்பினால், அது வழிநெடுக மேய்ந்தபடி வந்தாலும், இருட்டுவதற்குள் அடுத்த நாட்டுப் புல்லில் வாய் வைத்துவிடும். ஆனாலும் நாடு என்றால் நாடுதான். தலைநகர் மாளிகையின் நடைக்கூடத்தில் கல்வித் துறைக்கு ஒரு கதவு, சமயத் துறைக்கு ஒரு கதவு, காவல் துறைக்கு ஒரு கதவு. மூன்றுக்குப் பின்னாலும் இருந்தவர் ஆலோசகர் ஃபொன் மோர்சன். கல்வித் துறையில் இருக்கும்போது மூக்குக்கண்ணாடி போட்டுக்கொள்வார். சமயத் துறையில் கறுப்புக் கையுறை. காவல் துறையில் இடுப்பில் வாள். இதைப் பார்த்து எங்களில் யாரும் சிரித்ததில்லை. சிரிப்பது எந்தத் துறையின் கீழ் வரும் என்று தெரியவில்லை.

என் பெயர் கும்பெல். நீடர்பாக்கில் மாட்டு வியாபாரம். எங்கள் ஊர் யூதர்களின் பள்ளிக்கூடக் குழுவில் நானும் ஓர் உறுப்பினன். படித்தவன் என்பதால் சேர்க்கவில்லை. நல்ல வில் வைத்த வண்டி என்னிடம் மட்டும்தான் இருந்தது. பள்ளி இயக்குநருக்கு முதுகுவலி.

இயக்குநர் டாக்டர் யூலியுஸ் கோல்மன் நல்ல மனிதர். முதுகுவலியைத் தவிர அவருக்கு இருந்த ஒரே நோய் நம்பிக்கை. தாய் வைத்த பெயர் யூடல். பல்கலைக்கழகத்துக்குப் போகிற வழியில் அதை எங்கேயோ இறக்கி வைத்துவிட்டு யூலியுஸாகத் திரும்பி வந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. பழைய வேதப் பாடசாலையில் பெண்பிள்ளைகளுக்கு இடமில்லை. ஊரிலிருந்த கிறிஸ்தவப் பள்ளியிலோ எங்கள் பிள்ளைகள் எவருக்குமே இடமில்லை. டாக்டர் வீடு வீடாக ஏறி இறங்கி, கெஞ்சி, சண்டைபோட்டு, ஆணும் பெண்ணும் ஒரே கூரையின் கீழ் ஜெர்மனும் கணக்கும் பூகோளமும் எங்கள் வேதமொழியான எபிரெயமும் படிக்கிற ஒரு பள்ளியைத் தொடங்கினார். என் பெண்கள் மூன்று பேரும் அங்கேதான் போனார்கள்.

முதலில் எனக்கு அதில் பெரிய பிடிப்பில்லை. பெண்ணுக்குப் பூகோளம் தெரிந்து எந்த மலைக்குப் போகப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் என் சிவப்புப் பசு வயிறு ஊதிக் கீழே விழுந்துவிட்டது. நடுப்பெண் யெட்டே ஓடிப்போய் ஒரு மாட்டு வைத்தியப் புத்தகத்தை எடுத்துவந்து, தொழுவத்து வாசலில் நின்று முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே உரக்கப் படித்தாள். இடது விலாவில் எந்த இடத்தில் குத்திக் காற்றை இறக்க வேண்டும் என்று அதில் இருந்தது. குத்தினேன். பசு எழுந்து நின்று என்னைக் கோபமாகப் பார்த்தது. அன்றிலிருந்து அந்தப் பள்ளிக்கூடத்துக்காக நான் எதுவும் செய்யத் தயார்.

பள்ளிக்கு இருந்தது தற்காலிக அனுமதிதான். அரசாங்கம் வந்து பார்த்துத் திருப்தி அடைந்தால் நிரந்தர அனுமதி. அடையாவிட்டால் கதவை மூட வேண்டும்.

"பயப்படாதீங்க, கும்பெல்" என்பார் டாக்டர். "அரசாங்கம் நம்மளப் பாத்துக்கிட்டே இருக்கு. நாம தகுதியானவங்கன்னு காட்டிட்டாப் போதும். கதவு தானாத் திறக்கும்."

"எந்தக் கதவு, டாக்டர்?"

"எல்லாக் கதவும்."

என் மனைவி ஃப்ராடெல் இதைக் கேட்டுவிட்டு, "எல்லாக் கதவும் ஒரே நேரத்துல திறந்தா காத்துதான் வரும்" என்றாள். அவள் எந்தப் பள்ளிக்கும் போனதில்லை.

முதல் சோதனைக்கு ஆலோசகர் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். கணக்குக் கேட்டார், பிள்ளைகள் சொன்னார்கள். ஆறுகளின் பெயர் கேட்டார், சொன்னார்கள். பிறகு எபிரெயத்தில் ஒரு சங்கீதத்தை, வேதத்துத் துதிப்பாடல் ஒன்றை, படிக்கச் சொன்னார். பிள்ளைகள் எழுந்து நின்று, வாய் திறந்ததும் முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தார்கள். எங்களுக்கு அது புதிதல்ல. வேதத்தைப் படித்தாலும் பிரார்த்தனை செய்தாலும் எங்கள் உடம்பு ஆடும். தாயின் மடியிலேயே பழகிவிடுகிறோம். பழக்கம் முற்றிப்போய், சிலர் பேரம் பேசும்போதும் ஆடுவார்கள்.

ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"டாக்டர், இந்தப் பிள்ளைங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

டாக்டரின் காது சிவந்தது. "பழைய வழக்கம், மேன்மை தங்கிய ஐயா."

ஆலோசகர் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வகுப்பின் நடுவில் நின்றார். பேசத் தொடங்கினால் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. குதிகாலிலிருந்து கால்விரலுக்கு எழுவார். கால்விரலிலிருந்து குதிகாலுக்கு இறங்குவார்.

"குழந்தைகளா, குடிமகனோட முதல் கடமை என்ன?" எழுந்தார். "அசையாம நிக்கிறது." இறங்கினார். "மரம் நிக்குது. தேவாலயக் கோபுரம் நிக்குது. நான் நிக்கிறேன். வருஷக்கணக்கா ஒரே இடத்துல நின்னுதான் நான் இந்த உயரத்துக்கு வந்தேன். என்கூட வேலைக்குச் சேந்தவங்க நகர்ந்து பாத்தாங்க. அவங்க இப்ப எங்கன்னே தெரியல. ஆடுற உடம்புல விசுவாசம் தங்காது. கிண்ணத்த ஆட்டினா சூப் சிந்திடும் இல்லையா?"

கோமகன் குதிரையேறிப் போகும்போது அவருடைய விசுவாசம் என்ன ஆகும் என்று கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்கவில்லை. என் பெண்கள் முன்வரிசையில் இருந்தார்கள்.

அடுத்த சோதனைக்குள் ஆட்டம் நின்றிருக்க வேண்டும் என்று கல்வித் துறை உத்தரவிட்டது. வேறு யாராக இருந்தாலும் சோர்ந்துபோயிருப்பார்கள். டாக்டருக்கோ புதுத் தெம்பு வந்துவிட்டது. இவ்வளவுதானா, ஆடாமல் இருந்தால் மனிதர்கள் என்று ஒத்துக்கொள்வார்களா என்று அவர் முகமே சொன்னது.

முதலில் எபிரெய ஆசிரியர் ரெப் ஃபைவிஷுக்கு வேலை போனது. ரெப் என்றால் எங்களில் ஐயா மாதிரி. அவர் போலந்துப் பக்கத்திலிருந்து வந்தவர். ஊரிலேயே பெரிய ஆட்டக்காரர். அவர் படித்தால் மேசையில் இருக்கும் மெழுகுவத்தி அணைந்துபோகும்.

"நான் ஆடல, யூடல்" என்று அவர் கத்தினார். டாக்டரை யூலியுஸ் என்று கூப்பிடாத ஒரே ஆள் அவர்தான். "ஆடுறது என் ஆத்மா. உடம்பு சும்மா கூடப் போகுது."

"ஆத்மாவ உள்ளயே ஆடிக்கச் சொல்லுங்க, ரெப்."

"உள்ள எங்கடா இடம் இருக்கு? நீதான் சம்பளத்துல என்னைப் பட்டினி போட்டு ஒடுக்கி வெச்சிருக்கியே!"

ரெப் போனதும் பிள்ளைகளின் தலைமீது பூகோளப் புத்தகம் ஏறியது. புத்தகம் விழாமல் சங்கீதம் படிக்க வேண்டும். பிறகு பெஞ்சுகளுக்கு முதுகுப்பலகை வந்தது. பிறகு தினமும் மதியத்தில் 'அசையா நேரம்' என்று ஒரு பாடம். அதில் எதுவும் கற்றுத் தரமாட்டார்கள். ஆனால் மதிப்பெண் உண்டு. என் மூத்தவள் செர்லே அதில் முதலாவதாக வந்தாள். வீட்டிலும் அப்படியே உட்கார்ந்திருந்தாள், பால் பொங்கி அடுப்பில் வழிகிறவரை.

பள்ளியோடு நிற்கவில்லை. டாக்டர் எங்கள் ஜெப ஆலயத்திலும் ஜெர்மனில் பிரசங்கம் செய்கிறவர். பெரியவர்களும் ஆடக் கூடாது என்று குழுவில் தீர்மானம் போட்டோம். நானும் கை தூக்கினேன். அடுத்த ஓய்வுநாளில் ஆண்கள் எல்லோரும் நட்டுவைத்த கம்பு மாதிரி நின்றோம். பாதிப் பிரார்த்தனையில் எனக்கு வார்த்தை மறந்துபோனது. சின்ன வயதிலிருந்து தினமும் சொன்ன வார்த்தை. ஆடினால்தான் அடுத்தது வரும் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. பக்கத்தில் நின்ற கசாப்புக்காரரைப் பார்த்தேன். அவர் உதடும் நின்றுபோயிருந்தது. ஜெப ஆலயம் அவ்வளவு அமைதியாக அதற்கு முன் இருந்ததேயில்லை. யாரும் பிரார்த்தனை செய்யவில்லை, அதனால்.

வீட்டுக்குப் போய்த் தொழுவத்துக்குள் நுழைந்து, மாடுகளுக்கு நடுவில் நின்று ஆடி முடித்தேன். ஃப்ராடெல் பார்த்துவிட்டாள்.

"ஏங்க, ஆண்டவனக் கூட்டிட்டு வந்து சாணியில நிறுத்திட்டீங்களே!"

"அவரு ஒண்ணும் சொல்லலியே."

"எதுக்குத்தான் சொன்னாரு அவரு?"

குளிர்காலத்தில் ஒருநாள் வகுப்பு அடுப்பின் புகைக்குழாய் அடைத்துக்கொண்டு அறை முழுவதும் புகை சூழ்ந்துவிட்டது. அது அசையா நேரம். ஒரு பிள்ளைகூட அசையவில்லை. எதிர்க்கடை மீன்காரி ஜன்னலை உடைத்துக் கத்தினாள். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது, கரி படிந்த முகங்களோடு எல்லோரும் நேராக உட்கார்ந்திருந்தார்கள், இருமலைக்கூட அடக்கிக்கொண்டு. அவர்கள் எதிரில் டாக்டர் கண்கலங்கி நின்றார். புகை என்று நினைத்தேன். பெருமை என்று பிறகு சொன்னார். எனக்கு அவர் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலிருந்தது. ஆனால் அனுமதி வேண்டுமே.

இரண்டாவது சோதனைக்கு ஆலோசகர் கறுப்புக் கையுறையோடு வந்தார். பிள்ளைகள் எழுந்து சங்கீதம் படித்தார்கள். கண் இமைகூட நிதானமாகத்தான் மூடித் திறந்தது. டாக்டர் பெருமிதத்தோடு ஆலோசகரைப் பார்த்தார்.

ஆலோசகரின் முகம் வெளுத்திருந்தது.

"இது என்ன மதம்?"

"யூத மதம், ஐயா. எப்பவும் உள்ளதுதான்."

"இல்லை. யூதர்கள் ஆடுவாங்கன்னு கல்வித் துறைக் கோப்புல தெளிவா இருக்கு. இவங்க ஆடல. அப்ப இவங்க யாரு?" அவர் குதிகாலில் இறங்கி விரலில் எழுந்தார். "டாக்டர், கோமகனோட முன்னோர்கள் யூதர்களைச் சகிச்சுக்கிறதா வாக்குக் குடுத்திருக்காங்க. எந்த யூதர்களை? அவங்க அப்பன் பாட்டன் எப்படி இருந்தாங்களோ அப்படி இருக்கிறவங்களை. புது மாதிரி யூதர்களைச் சகிக்க எங்ககிட்ட ஏற்பாடு இல்லை. உங்க மதத்தப் பத்தி சமயத் துறைக்கு ஒண்ணுமே தெரியாது. அதனாலதான் அது மாறக் கூடாது. மாறிட்டா, மாறிடிச்சுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஆனா ஐயா, ஆட்டத்த நிறுத்தச் சொன்னதே தாங்கள்..."

"நானா?"

"போன தடவை வந்தபோது."

"அது கல்வித் துறை. அவங்க என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரிவிக்கிற மரியாதை அவங்களுக்கு இல்லை. எப்பவுமே அப்படித்தான்" என்று அவர் உண்மையிலேயே மனம் புண்பட்டவராகச் சொன்னார். புதிய மதப் பிரிவு தொடங்கிய குற்றத்துக்காகப் பள்ளியை மூட உத்தேசித்திருப்பதாக அறிவித்துவிட்டு வண்டியேறினார்.

மறுநாளே என் வண்டியில் தலைநகருக்குப் போனோம். சமயத் துறையைப் பற்றிக் கல்வித் துறையிடம் முறையிடுவது என்று டாக்டர் முடிவு செய்திருந்தார். வழியெல்லாம் அதற்கான வாக்கியங்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

முதல் கதவைத் தட்டினோம். மூக்குக்கண்ணாடியோடு ஆலோசகர் இருந்தார். எங்களை உட்காரச் சொல்லவில்லை. டாக்டர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"ரொம்ப அநியாயம். கல்வித் துறை உங்க பக்கம்தான். ஆனா சமயத் துறையில இருக்காரே ஒரு ஆளு, அவரு ரொம்பப் பிடிவாதக்காரர். இருந்தாலும் உங்களுக்காகப் பேசிப் பாக்கறேன்."

கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். உள்கதவைத் திறந்து அடுத்த அறைக்குப் போனார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. சாதாரணமாகத்தான் ஆரம்பித்தது. போகப் போகச் சூடேறியது. யாரோ மேசையைக் குத்தினார்கள். நான் டாக்டரைப் பார்த்தேன். டாக்டர் பக்தியோடு கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நமக்காக எவ்வளவு போராடுறாரு பாருங்க" என்றார் மெல்ல.

"டாக்டர், உள்ள ஒரே ஆளு..."

"உஷ். அரசாங்கம் ஆளு இல்ல, கும்பெல். அது ஒரு கருத்து."

கருத்து கொஞ்சம் வியர்த்துப்போய்த் திரும்பி வந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அப்பாடா, என்ன மனுஷன்யா அவரு! கடைசியில ஒரு சமரசத்துக்கு வந்தோம்" என்றது.

சமரசம் இதுதான். ஜெர்மன் படிக்கும்போது ஆடவே கூடாது. எபிரெயம் படிக்கும்போது ஆடியே ஆக வேண்டும். அந்த ஆட்டமும் அளவோடும் ஒழுங்கோடும் ஒரே சீராகவும் இருக்க வேண்டும்.

இப்போது வேறு சிக்கல். பிள்ளைகளுக்கு ஆட மறந்துவிட்டது. படி என்றாலே விறைத்துக்கொண்டார்கள். சின்னவள் ரிக்கேவை நானே தோளைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். மொத்தமாகச் சாய்ந்தாள், பலகை மாதிரி. வேறு வழியில்லாமல் டாக்டர் என்னைக் கூட்டிக்கொண்டு ரெப் ஃபைவிஷ் வீட்டுக்குப் போனார். ரெப் அடுப்பு மூட்டி வாத்துக்கொழுப்பு உருக்கிக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"யாரு, யூலியுஸா? இங்க யூலியுஸுன்னு யாரையும் எனக்குத் தெரியாதே."

"ரெப், பழச மறந்துடுங்க. பள்ளிக்கூடம் போயிடும் போலிருக்கு."

"மூணு நிபந்தனை. ஒண்ணு, என்னைப் பேராசிரியர்னு கூப்பிடணும். ரெண்டு, மேடையில நாற்காலி. மூணு, முதல்ல நீ ஆடிக் காட்டணும்."

"நானா? எனக்கு முதுகு..."

"ஆடு, யூடல்."

டாக்டர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றார். இடுப்பிலிருந்து ஒரு வணக்கம் மாதிரி முன்னால் சாய்ந்தார். நிமிர்ந்தார்.

"துருப்பிடிச்ச கீல்தான். கொஞ்சம் எண்ணெய் போடணும்" என்றார் பேராசிரியர், பரம திருப்தியோடு.

ரெப் பள்ளிக்குத் திரும்பினார். ஆனால் அவர் சொல்லிக்கொடுத்த ஆட்டம் ஆளுக்கு ஒரு விதமாக இருந்தது. ஒரு பிள்ளை வேகமாக, ஒரு பிள்ளை பக்கவாட்டில், யெட்டே பழையபடி தன்போக்கில். 'ஒரே சீராக' என்றல்லவா உத்தரவு? டாக்டர் கையில் அளவுகோலை எடுத்தார். மேசையில் தட்டி, "முன்! பின்! முன்! பின்!" என்றார். பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தபடி, "இது ஜெபமா, கதிரடிக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வசந்தம் வருவதற்குள் பள்ளி முழுவதும் ஒரே ஆளாக ஆடியது. அவர்கள் சேர்ந்து முன்னால் சாயும்போது தரைப்பலகை முனகும். பின்னால் சாயும்போது ஜன்னல் அதிரும். பார்க்க அழகாகத்தான் இருந்தது, எங்கள் கோமகனின் படையைவிட. படையில் ஆட்கள் குறைவு.

மூன்றாவது சோதனைக்கு ஆலோசகர் வாளோடு வந்துவிட்டார்.

அந்த நாட்களில் உடற்பயிற்சிக் கூடங்களுக்குத் தடை இருந்தது. மாணவர்கள் கயிறு ஏறிக்கொண்டே சுதந்திரம் பேசுகிறார்கள் என்று அரசாங்கத்துக்குப் பயம். எங்கள் ஊரில் கயிறு ஏறுகிறவன் மணியடிக்கிற கிழவன் ஒருவன்தான். அவனையும் விசாரித்துவிட்டுத்தான் விட்டார்கள். இது டாக்டருக்கும் தெரியும். ஆனால் சங்கீதத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று இருந்துவிட்டார்.

அளவுகோல் தட்டியது. பிள்ளைகள் ஆடினார்கள். தரை முனகியது. ஆலோசகரின் கை வாளுக்குப் போனது.

"நிறுத்துங்க!"

உடனே நின்றார்கள். அதுவும் தப்பாகப் போய்விட்டது.

"பாத்தீங்களா? ஒரு சொல்லுக்கு மொத்தக் கூட்டமும் நிக்குது. பயிற்சி குடுத்திருக்கீங்க!" அவர் எழுந்து இறங்கத் தொடங்கினார், வாளும் கூடவே எழுந்து இறங்கியது. "டாக்டர், ஜனங்க தனித்தனியா ஆடினா அது மதம். ஒண்ணா ஆடினா அது புரட்சி. முதல்ல முன்னால சாய்வாங்க. அப்புறம் பின்னால சாய்வாங்க. ஒருநாள் பின்னால சாய மறந்துட்டாங்கன்னா? நேரா அரண்மனைக்குத்தான் வருவாங்க. நான் இத்தனை வருஷமா ஜனங்களக் கவனிச்சிருக்கேன். அவங்க சொன்னபடி கேக்கலேன்னா எனக்குப் பயமே இல்லை. அது இயற்கை. சொன்னதை அப்படியே கேட்டாங்கன்னாதான் எனக்குத் தூக்கம் வராது."

"நான் புரட்சிக்காரன் இல்லை, ஐயா" என்றார் டாக்டர். "சமயத் துறையும் கல்வித் துறையும் சேந்து சொன்னபடிதான்..."

"அந்த ரெண்டு பேர் மேலயும் எனக்கு ரொம்ப நாளாச் சந்தேகம்" என்றார் ஆலோசகர்.

கடைசி விசாரணைக்குத் தலைநகருக்கு வரச் சொன்னார்கள். ஃப்ராடெல் ரொட்டியும் வெங்காயமும் புகைபோட்ட வாத்துக்கறியும் கட்டிக் கொடுத்தாள். சிறையில் எங்கள் வேதமுறைப்படி சுத்தமான சாப்பாடு கிடைக்காது என்று கொஞ்சம் கூடுதலாகவே வைத்திருந்தாள். யெட்டே வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பள்ளிக்கூடம் இருக்குமாப்பா?" என்று கேட்டாள். டாக்டர் பதில் சொல்வார் என்று பார்த்தேன். அவர் தன் கோட்டுப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று துறைகளின் கூட்டு அமர்வு. நீண்ட மேசைக்குப் பின்னால் மூன்று நாற்காலிகள். நடு நாற்காலியில் ஆலோசகர், மூக்குக்கண்ணாடியும் ஒரு கையில் கறுப்புக் கையுறையும் இடுப்பில் வாளுமாக. விவாதம் கனமாக நடந்தது. ஒவ்வொரு கருத்துக்கும் அந்தந்த நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தார். காவல் துறை ஒருமுறை சமயத் துறையை இடைமறித்துப் பேசியதற்கு மன்னிப்புக்கூடக் கேட்டது. கடைசியில் எழுந்து நின்றார்.

"டாக்டர் கோல்மன், மூணு துறையும் ஒருமனசா ஒரு முடிவுக்கு வந்திருக்கு. ஆடாதேன்னோம், நிறுத்தினீங்க. ஆடுன்னோம், ஆடினீங்க. இந்த நாட்டுல வேற எந்தப் பள்ளிக்கூடமும் எங்க உத்தரவைப் படிச்சதுகூட இல்லை. உங்க பள்ளி ஒரு மாதிரிப் பள்ளி. இன்னையிலேருந்து நிரந்தர அனுமதி."

நான் டாக்டரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நிரந்தர அனுமதி கிடைச்சா அது அரசாங்கப் பள்ளி" என்று ஆலோசகர் தொடர்ந்தார். "அரசாங்கப் பள்ளிக்கு யூதர் இயக்குநரா இருக்க முடியாது. சட்டம். உங்க மேல எனக்கு எவ்வளவு மரியாதைன்னா, இதைச் சொல்லவே சங்கடமா இருக்கு. ஆனா வழி இருக்கு. சின்ன விஷயம். ஞானஸ்நானம், ஒரு கை தண்ணி. தேவாலயம் எதிர்லதான். பாதிரியார் மத்தியானத் தூக்கத்துக்குப் போறதுக்குள்ள முடிச்சிடலாம். நீங்கதான் பெயர மாத்திட்டீங்க, மொழிய மாத்திட்டீங்க, பிள்ளைங்க முதுக மாத்திட்டீங்க. மிச்சம் இருக்கிறது நெத்தி மட்டும்தானே?"

டாக்டரைப் பார்த்தேன். அந்த விறைத்த முதுகு மெல்ல முன்னால் சாய்ந்தது. பின்னால் வந்தது. மறுபடி முன்னால். அவருக்கே தெரியவில்லை. எதிரில் ஆலோசகர் பதிலுக்குக் காத்துக்கொண்டு குதிகாலிலிருந்து விரலுக்கும் விரலிலிருந்து குதிகாலுக்கும் போய்வந்தார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் எதிரெதிரே நின்று ஆடினார்கள். தெரியாதவர் யாராவது உள்ளே வந்திருந்தால், பிரார்த்தனைக்கு ஆள் சேர்க்கிறோம் என்று நினைத்திருப்பார்.

பிறகு டாக்டர் பேசினார். பல்கலைக்கழகத்து ஜெர்மன் இல்லை. எங்கள் தெருப் பேச்சு. அவர் பள்ளியில் தடை செய்து வைத்திருந்த பேச்சு.

"தண்ணி வேணாங்க. எங்கம்மா என்னை நல்லாக் குளிப்பாட்டித்தான் வளத்தா."

"அப்ப பதவி?"

"பள்ளிக்கூடம் இருக்கும்ல? பொண்ணுங்க வகுப்பும்?"

"எல்லாம் அப்படியே இருக்கும். அரசாங்கம் வாக்குத் தவறாது."

"அது போதும்" என்றார் டாக்டர். திரும்பிப் போகும்போது வண்டியில் வாத்துக்கறி முழுவதையும் அவரே சாப்பிட்டார். அழுதுகொண்டே சாப்பிட்டார். நான் குதிரையைப் பார்த்து ஓட்டினேன்.

புதிய இயக்குநராக ஓய்வுபெற்ற சார்ஜென்ட் புட்கெ வந்தார். நல்ல திடமான மனிதர். முதல் நாள் காலையில் வாசலில் நின்று, உள்ளே போக வந்த பிள்ளைகளைத் தடுத்தார்.

"என்ன மதம்?"

"யூத மதம்" என்றாள் செர்லே.

"அரசாங்கப் பள்ளியில யூதப் பிள்ளைங்களுக்கு அனுமதி இல்லை. போ."

நான் முன்னால் போனேன். "சார்ஜென்ட், இது எங்க பள்ளிக்கூடம். இங்க படிக்கிறதே எங்க பிள்ளைங்கதான். அவங்களை விடலேன்னா வேற யாரு இருக்கா?"

"அதப் பத்தி உத்தரவுல இல்லை."

"உத்தரவக் காட்டுங்க."

"எனக்குப் படிக்கத் தெரியாது. மனப்பாடம் பண்ணிக் குடுத்திருக்காங்க" என்றார் அவர், கொஞ்சம் பெருமையாகவே.

பிள்ளைகள் புத்தகப் பைகளோடு தெருவில் நின்றார்கள். ரிக்கே அழ ஆரம்பித்தாள். டாக்டர் எதிர்ப்பக்கத்தில் மீன்காரி கடையோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதும் அரசாங்கம், தகுதி, கதவு என்று ஏதாவது சொன்னால் அடித்தே விடுவது என்று அவரை நோக்கி நடந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கை எழவில்லை.

"கும்பெல், உங்க தொழுவம் எவ்வளவு பெரிசு?" என்று கேட்டார்.

அரசாங்கம் வாக்குத் தவறவில்லை. பெண்கள் வகுப்பு அப்படியே இருக்கிறது. பெஞ்சு, முதுகுப்பலகை, பூகோளப் புத்தகம் எல்லாம் இருக்கின்றன. கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளி இருப்பதால் அங்கே யாரும் வருவதில்லை. சார்ஜென்ட் தினமும் மணியடித்துத் திறந்து மணியடித்து மூடுகிறார். ஆலோசகர் வருடம் தவறாமல் வந்து பார்க்கிறார். மூன்று துறைகளுக்கும் முழுத் திருப்தி. ஓர் அசைவு கிடையாது. நாட்டிலேயே சிறந்த பள்ளி என்று வாசலில் பலகை மாட்டியிருக்கிறார்கள்.

எங்கள் பிள்ளைகள் என் தொழுவத்தில் படிக்கிறார்கள். அனுமதி இல்லை, கேட்கவும் இல்லை. ஒரு மூலையில் ரெப் ஃபைவிஷ், ஒரு மூலையில் டாக்டர். நாள் முழுவதும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்கிறார்கள்; டாக்டர் ரெப்பைப் பேராசிரியர் என்றுதான் திட்டுகிறார், யூடல் என்றுதான் திட்டு வாங்குகிறார். ஃப்ராடெல் மதியத்துக்கு சூப் கொண்டுவருவாள். யெட்டே பூகோளம் படிக்கும்போதும் ஆடுகிறாள், கணக்கு போடும்போதும் ஆடுகிறாள். டாக்டர் ஒன்றும் சொல்வதில்லை. அவரும் ஆடுகிறார். முதுகுவலி போய்விட்டது என்கிறார்.

மாடுகள் மட்டும் ஒழுங்காக நேராக நின்று, அசையாமல், எதுவும் புரியாமல் கேட்டுக்கொண்டிருக்கின்றன. விண்ணப்பித்தால் அவற்றுக்கு நிரந்தர அனுமதி கிடைத்துவிடும்.